ஜப்பானிய ‘கோல்ட் கேஸ்’: அம்மாவோடு பார்த்த பத்து இரவுகள்

பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள், தன் மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து, “அப்பா, இது உங்களுக்குப் பிடிக்கும்” என்று போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது நான் பசியாறாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

‘கோல்ட் கேஸ்: ஷின்ஜிட்சு நோ தோபிரா’ என்பது தொடரின் பெயர். முன்பாதிக்கு ‘ஆறிப்போன வழக்கு’, பின்பாதிக்கு ‘உண்மையின் கதவு’ என்று பொருள். 2003 முதல் 2010 வரை ஓடிய அமெரிக்கத் தொடரை ஜப்பானுக்கு ஏற்றபடி எடுத்திருக்கிறார்கள். 2016இல் வாவ்வாவ் என்ற கட்டண அலைவரிசையில் முதல் சீசன் வந்தது, 2018லும் 2020லும் அடுத்த இரண்டு. சீசனுக்குப் பத்துப் பாகம். கனகாவா மாநிலக் காவல்துறையில், துப்புத் துலங்காமல் கிடப்பில் போன கொலைகளை மறுபடி எடுத்து விசாரிக்கும் ஒரு குழுவின் கதை.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக இருந்தவன். விடியற்காலைப் பிரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் ஆள் வந்ததைக் குறித்து, வராதவனுக்குச் சிவப்பு மையில் கோடு போட்ட கை இது. அதனாலோ என்னவோ, துப்பாக்கியோ துரத்தலோ என்னை இழுக்கவில்லை. அந்தக் கிடங்குதான் இழுத்தது. வரிசை வரிசையாக அலமாரி, ஒவ்வொரு தட்டிலும் அட்டைப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு செத்த மனிதரின் வழக்கு. குழுவின் துப்பறியும் அதிகாரி இஷிகாவா யூரியாக நடிக்கும் யோஷிடா யோ மூடியைத் தூக்கும்போது அவசரமே இருக்காது. உள்ளே இருக்கும் பொருளைத் தொடும் முன் ஒரு கணம் நிறுத்துவார். சாவு வீட்டுக்குள் நுழைகிறவர் வாசலில் நிற்பது போல.

விசாரணை என்பது பெரும்பாலும் பேச்சுதான். அன்றைக்கு அங்கே இருந்தவர்களைத் தேடிப் போகிறார்கள். இன்று நரைத்துப் போன ஒரு அம்மாள் வாயைத் திறந்ததும், கண்ணிமைக்கும் நேரம் அதே இடத்தில் அவருடைய இளவயது முகம் வந்து போகும். அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று பின்னால் ஓடும். அந்தப் பாட்டுகளுக்கு அடியில் எழுத்துப் போடாதது எனக்குக் குறைதான். வசனத்துக்குப் போட்ட ஆங்கிலமும் என் கண்ணுக்கு வேகமாக ஓடியது.

ஜப்பானில் கொலைக்கு வழக்குத் தொடர இத்தனை ஆண்டுதான் என்று ஒரு கெடு இருந்தது என்பதை இதைப் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன். முதலில் 15 ஆண்டு, பிறகு 2005இல் 25 ஆண்டு. 2010 ஏப்ரல் 27 அன்று கெடுவையே எடுத்துவிட்டார்கள். சட்டம் நிறைவேறிய அன்றே அமலுக்கும் வந்துவிட்டது. குராஷிகி நகரில் 1995இல் கொல்லப்பட்ட ஒரு வயதான தம்பதியின் வழக்குக்கு அன்று நள்ளிரவோடு கெடு முடிய இருந்தது. சில மணி நேரத்தில் அந்த வழக்கு தப்பியது. இதைப் படித்த பிறகு அந்தப் பெட்டிகளைப் பார்க்கிற கண்ணே எனக்கு மாறிவிட்டது.

இரண்டாம் இரவிலிருந்து அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு இங்கிலீஷும் தெரியாது, ஜப்பான் பேச்சென்றால் ஆகவும் ஆகாது. 1943இல் ஜப்பான்காரன் எங்கள் தாத்தாவைச் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போனபோது அம்மாவுக்கு ஐந்து வயது. 415 கிலோமீட்டர் பாதை அந்த வருட அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, தாத்தா திரும்பவில்லை. எங்கே, எந்த நோயில், எந்தத் தேதியில் என்று ஒரு வரி கிடையாது. 1948இல் எங்கள் ஊர்ப்பக்கம் சுடப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களின் பேர் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. தாத்தாவின் பேரை நான் பழைய செக்ரோலில் தேடியிருக்கிறேன். நான் வேலைக்குச் சேரும் முன்பே அந்தப் பெரிய புத்தகங்களை ஆபீசுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டார்கள்.

கதையை நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். பாகம் முடியும்போது, கொலையுண்டவர் உயிரோடிருந்த கோலத்தில் சற்றுத் தள்ளி நின்று யூரியைப் பார்ப்பார். பேச்சு இல்லை. நாலாம் இரவு அந்தக் கட்டத்தில் அம்மா கேட்டார்: “அந்தப் பெட்டிய எடுத்த எடத்துலயே வச்சிட்டாங்களாய்யா?” வைத்துவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கப்பா போன அன்னைக்குக் காக்கிச் சட்டை போட்டிருந்தாரு. மேல் பொத்தான் இல்ல” என்றார். அறுபத்தைந்து வயதில் அந்தப் பொத்தானைப் பற்றி நான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

குறை சொல்லாமல் விடக்கூடாது. எல்லாப் பாகமும் ஒரே அச்சுதான். கடைசியில் குற்றவாளி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிடுவது, அதுவும் இத்தனை வருடம் வாய் திறக்காதவன், சில கதைகளில் ஒட்டவே இல்லை. குழுத் தலைவராக வரும் மியுரா தொமோகாசு நல்ல நடிகர். அவருக்கு இன்னும் வேலை கொடுத்திருக்கலாம். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பாகம் போதும், அடுத்தடுத்துப் போட்டால் மனம் தாங்காது.

யோஷிடா யோவுக்காக மட்டுமே பார்க்கலாம் என்று கூசாமல் சொல்வேன். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே போகாமல் கேட்கும் அந்த முகம் வேறெந்தத் துப்பறியும் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

மகள் இரண்டாம் சீசனையும் ஏற்பாடு செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்ட பிறகு ஆரம்பிக்கிறோம். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்.