தொழில் உதவி மையம்: மூன்று வருடம் போய் வந்த பிறகு

பக்கத்துத் தெருவில் தோழி ஒருத்தி அதிரசமும் முறுக்கும் போட்டு விற்க ஆரம்பித்திருக்கிறாள். "நீதான் அந்த மையத்துக்கு அடிக்கடி போறியே, போனா வேலை நடக்குமா?" என்று நேற்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மூன்று வருடமாகப் போய் வருகிறேன், நன்றியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன்.

நான் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு செய்கிறேன். முதல்முறை போனது உணவுப் பாதுகாப்புப் பதிவுக்காக. என்னைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அப்போது அரசுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான், சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. வெளியே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டுக்கும் சேர்த்து 2,500 கேட்டிருந்தார்கள். மையத்தில் ஆதாரும் பான் கார்டும் வாங்கிக்கொண்டு உட்கார வைத்தே உத்யம் எடுத்துக் கொடுத்தார்கள். லேபிளில் 14 இலக்கப் பதிவு எண், பேட்ச் எண், நிகர எடை, பச்சைப் புள்ளி எல்லாம் எங்கே வர வேண்டும் என்று தாளில் வரைந்தும் காட்டினார்கள்.

ஆனால் நான் மறக்காதது விலைக் கணக்கு. 200 கிராம் இட்லிப் பொடியை 70 ரூபாய்க்குக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விருதுநகரில் எடுத்த பருப்பு, மிளகாய், எள் எல்லாம் சேர்த்து 40 ரூபாய், மீதி 30 லாபம் என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன். அங்கே அப்போது இருந்த பெண், "அக்கா, வறுத்து அரைச்சா எடை எவ்வளவு குறையுது?" என்று கேட்டார். தெரியவில்லை. "அஞ்சு கிலோ போட்டு எடை பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பார்த்தால் 4 கிலோ 600 கிராம். அதோடு மில் கூலி, கேஸ், கவர், ஸ்டிக்கர், கடைக்காரர் கமிஷன் என்று கழித்துக்கொண்டே வந்தால் கையில் நின்றது ஏழு ரூபாய் சொச்சம். "இதுல உங்க கூலி எங்கக்கா?" என்றார். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுவாரம் விலையை 85 ஆக்கினேன், இரண்டு கடை போனது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்குத் தொழில் நிற்கிறது என்றால் அந்த ஒரு கேள்விதான் காரணம்.

அந்தப் பெண் ஆறே மாதத்தில் மாறிப் போய்விட்டார். எரிச்சலே இங்கேதான். எல்லாரும் ஒப்பந்த ஆட்கள், மூன்று வருடத்தில் நான் பார்ப்பது நான்காவது ஆள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், "ஜெராக்ஸ் குடுங்க" என்பார்கள், கொடுத்த ஃபைல் எங்கே என்று கேட்டால் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். வறுக்கும் மெஷினுக்கும், அரைக்கும் பல்வரைசருக்கும், சின்ன உணவுத் தொழில்களுக்கு வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் விண்ணப்பித்தேன். 35 சதவீத மானியம், நம் கைக்காசு 10 சதவீதமாவது வேண்டும், மானியம் நம் கையில் வராமல் வங்கியிலேயே தனிக் கணக்கில் மூன்று வருடம் கிடந்து பிறகு கடனில் கழியும். இதையும் மையத்தில்தான் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் ஆள் மாறி, ஃபைல் காணாமல் போய், மெஷின் கம்பெனியில் விலை எழுதி நான் வாங்கிக் கொடுத்த கொட்டேஷன் காலாவதியாகி, புதுக் கொட்டேஷனில் மெஷின் விலை 17,000 ரூபாய் ஏறிவிட்டது. அந்த 17,000 யார் தலையில்? பொடி அரைத்துச் சம்பாதிக்கும் எனக்கு அது இரண்டு மாத உழைப்பு. இப்போது இருக்கும் தம்பி நல்ல பையன், கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்கிறார், அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது. ஒரு நோட்டில் யார் வந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வைத்துப் போவதற்குக்கூடவா திட்டம் போட வேண்டும்?

அதனால் தோழிக்குச் சொன்னது இதுதான். பதிவு, லேபிள், விலைக் கணக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு போ. கடனுக்கு என்றால், இன்றைக்கு என்னைக் கேட்டால், போகாதே, நேரே வங்கியில் போய் உட்கார். அப்படியும் போவதானால் எதைக் கொடுத்தாலும் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் எழுந்திருக்காதே.

திங்கட்கிழமை போகிறாளாம். நானும் கூடப் போகிறேன். புதுக் கொட்டேஷன் காலாவதியாக இன்னும் 11 நாள்தான் இருக்கிறது.