ஹாலிடே பார்க்கை ஓய்வுக்கால வீடு என்று விற்கிறார்கள்: பார்க் ஹோம் வாங்கும் முன் பாருங்கள்

பிள்ளைகள் தனித்தனியே போன பிறகு, மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுக்காத வயதில், லண்டன் வீட்டை விற்றுவிட்டுக் கடலோரமாக ஒரு பார்க் ஹோமுக்கு, அதாவது தனியார் பார்க்கில் வாடகை இடத்தில் நிறுத்திய ஒற்றை மாடி நகர்த்தக்கூடிய வீட்டுக்கு, போய்விடலாம் என்று யோசிக்கும் நம்மவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். பெற்றோருக்காகத் தேடும் பிள்ளைகளும் படியுங்கள். எழுதியிருப்பது இங்கிலாந்துச் சட்டப்படி. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் விதிகள் வேறு.

ஒப்பந்தத்தின் நடுப்பக்கம் ஒன்றில் ஒரு வரி இருக்கும்: "இதை விடுமுறைக் காலத் தங்குதலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். வாங்குபவரின் ஒரே இருப்பிடமாகவோ முதன்மை இருப்பிடமாகவோ பயன்படுத்தக் கூடாது." அந்த வரி இருந்தால் நீங்கள் வாங்குவது வீடு அல்ல, ஹாலிடே காரவன். மர அலங்காரம், இரண்டு படுக்கையறை, டிஷ்வாஷர் எல்லாம் இருந்தாலும் அப்படித்தான். நிரந்தரக் குடியிருப்புக்கு அனுமதி உள்ள பார்க்கில் இருப்பவருக்கு 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம் காவல். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரை அங்கிருந்து எழுப்ப முடியாது. ஹாலிடே பார்க்கில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

ஏமாற்றுவது பெரும்பாலும் நேரடிப் பொய்யால் அல்ல. "பார்க் 12 மாதமும் திறந்திருக்கும்" என்பார் விற்பனையாளர். அது உண்மை. திறந்திருக்கும் என்றார், குடியிருக்கலாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பவர் காதில் விழுவது இரண்டாவதுதான். அடுத்தது, "இங்கே கவுன்சில் டாக்ஸே கிடையாது." கேட்கும்போது லாபம் போலத் தோன்றும். சட்டப்படி குடியிருக்கக்கூடிய பார்க் ஹோமுக்குக் கவுன்சில் டாக்ஸ் உண்டு, வழக்கமாக மிகக் குறைந்த ஏ பிரிவில். அது வரவில்லை என்றால் அந்த இடம் குடியிருப்பாகவே கணக்கில் இல்லை என்று பொருள். ஹோம் நிற்கும் இடத்துக்குக் கட்டும் மாதாந்திர பிச் கட்டணத்தில் வாட் சேர்த்திருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும். குடியிருப்பு பிச்சின் கட்டணத்துக்கு வாட் இல்லை, விடுமுறை பிச்சுக்கு உண்டு.

பிறகு படிவம் வரும். அதில் "முதன்மை முகவரி" என்று ஒரு கட்டம். வீட்டை விற்றுவிட்டுத்தானே வருகிறோம், எதை எழுதுவது என்று கேட்டால், "மகள் வீட்டு விலாசத்தைப் போடுங்கள் அங்கிள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று பதில் வரும். பேனாவை வைத்துவிட்டு எழுந்து வர வேண்டிய இடம் இது. அந்தக் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்திட்டால், நீங்கள் அங்கே வாழப்போவதில்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாகிறது. நாளைக்கு ஜிபி பதிவு, வாக்காளர் பட்டியல், வங்கி, பென்ஷன் என்று எதற்குப் போனாலும் முகவரி இடிக்கும். பார்க் நிர்வாகம் வேறு வீட்டின் கவுன்சில் டாக்ஸ் ரசீதைக் காட்டு என்று கடிதம் அனுப்பும்போது காட்ட ஒன்றும் இருக்காது. ஹாலிடே லைசென்ஸில், அதாவது விடுமுறை பார்க் ஒப்பந்தத்தில், இத்தனை ஆண்டுதான் என்ற கெடுவும் இருப்பது வழக்கம். கெடு முடிந்தால் காரவனை அப்புறப்படுத்த வேண்டும், அல்லது அவர்கள் சொல்லும் விலைக்கு விட்டுவிட்டு வர வேண்டும்.

ஆகவே சமையலறையைப் பார்க்கப் போகும் முன்பே கவுன்சிலின் ப்ளானிங் (நிலப் பயன்பாட்டு அனுமதி) இணையதளத்தைத் திறந்து பார்க்கின் முகவரியைத் தேடுங்கள். அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் எண்ணிட்டு இருக்கும். "விடுமுறைப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற நிபந்தனை பிற்பாடு நீக்கப்பட்டதா என்றும் பாருங்கள். சில பார்க்குகளில் பாதி குடியிருப்பு, பாதி விடுமுறை. பார்க்கின் பெயரைச் சரிபார்த்தால் போதாது, உங்கள் பிச் எண் வரைபடத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பார்க் நடத்தக் கவுன்சில் தரும் உரிமமான சைட் லைசென்ஸின் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கக் கவுன்சில் வைத்திருக்கிறது. கேட்டால் காட்ட வேண்டும். 2021 ஜூலை 1 முதல் குடியிருப்பு பார்க்கை நடத்துபவர் தகுதியானவரா என்று கவுன்சில் பரிசீலிக்கிறது, அதற்கும் தனிப் பதிவேடு உண்டு. அதில் நிபந்தனையோடு பெயர் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த நிபந்தனை என்ன, ஏன் என்று கேளுங்கள். இந்த மூன்றையும் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.

குடியிருப்பு பார்க்தான் என்று உறுதியான பிறகும் கண் அயரக் கூடாது. ஒப்பந்தம் போடுவதற்கு 28 நாள் முன்பாக எழுத்து வடிவ விவரப் பத்திரத்தை சைட் ஓனர், அதாவது பார்க்கின் உரிமையாளர், உங்களிடம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த 28 நாளும் சொலிசிட்டரிடம் காட்டுவதற்காகத்தான். ஆனால் வாங்குபவர் எழுத்தில் சம்மதித்தால் அந்தக் காலத்தைக் குறைக்கலாம். டெபாசிட் ரசீது, காஸ் சான்றிதழ், பார்க் விதிகள் என்று பதினைந்து தாளை ஒன்றாக நீட்டும்போது அந்தச் சம்மதமும் நடுவில் செருகப்பட்டிருக்கும். "இந்த விலை ஞாயிறு வரைதான்" என்ற அவசரம் அதற்காகத்தான். "சொலிசிட்டர் தேவையில்லை, இது நிலம் வாங்குவது போல அல்ல" என்பதும் பாதி உண்மை. நிலப்பதிவகத்தில் பெயர் ஏறாது, முத்திரை வரி கிடையாது, சாதாரண மார்ட்கேஜும் கிடைக்காது. காகிதம் இவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் சொலிசிட்டர் இன்னும் அவசியம். பார்க் ஹோம் வழக்குகள் பார்த்தவராக, சைட் ஓனர் சிபாரிசு செய்யாதவராக இருக்கட்டும்.

"உங்கள் வீட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்ற பார்ட் எக்ஸ்சேஞ்சில் ஒரே கையில் இரண்டு வெட்டு. உங்கள் வீட்டுக்கு சந்தை விலையை விடக் குறைத்துக் கொடுப்பார்கள். பார்க் ஹோமுக்கு பட்டியல் விலையைக் குறைக்காமல் வாங்குவார்கள். குறைந்தது இரண்டு எஸ்டேட் ஏஜென்ட்டிடம் வீட்டு மதிப்பைக் கேட்டு, அதே பார்க்கில் விற்பனைக்கு வந்துள்ள பழைய ஹோம்களின் விலையையும் பார்த்துவிட்டு வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பணக் கணக்கில் பலரும் தவறவிடுவது கமிஷன். பார்க் ஹோமை விற்கும்போது விலையில் 10 சதவீதம் வரை சைட் ஓனருக்குப் போகும். 200,000 பவுண்டுக்கு வாங்கிய ஹோம் பழையதாகி 150,000க்கு விலைபோகிறது என்று வையுங்கள். அதில் 15,000 கமிஷன், கைக்கு வருவது 135,000. 2013 மே 26க்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில் வாங்குபவர் 90 சதவீதத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு மீதியை ஓனரிடம் கட்டுவார். யார் கையால் போனாலும் அது உங்கள் பணம்தான். இந்த வகை ஒப்பந்தத்தில் விற்க ஓனரின் அனுமதி தேவையில்லை. வாங்க வருபவரைப் பயமுறுத்தியோ தவறான தகவல் சொல்லியோ விற்பனையைக் கெடுப்பது குற்றம்.

பிச் கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறை மாறும். 2023 ஜூலை 2 முதல் அதன் அடிப்படை நுகர்வோர் விலைக் குறியீடு, அதாவது சிபிஐ. அதற்கு முன் இருந்த ஆர்பிஐ என்ற சில்லறை விலைக் குறியீடு வழக்கமாக அதைவிட அதிகம். உயர்த்துவதற்கு 28 நாள் முன்பே உரிய படிவத்தில் அறிவிப்பு வர வேண்டும். சம்மதம் இல்லையென்றால் பழைய தொகையையே தொடர்ந்து கட்டுங்கள். உயர்த்த வேண்டுமானால் ஓனர்தான் ப்ரொப்பர்ட்டி தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கட்டாமலே விட்டுவிடாதீர்கள், அது உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். ஓனர் வழியாக வரும் மின்சாரத்துக்கு அவர் கொடுத்த விலைக்கு மேல் யூனிட் விலை வாங்கக் கூடாது. அவருடைய பில்லின் நகலைக் கேளுங்கள்.

இனி ஹோம். நிரந்தரமாக வாழக் கட்டியது பிஎஸ் 3632 என்ற பிரிட்டிஷ் தரத்தில் இருக்க வேண்டும். ஹாலிடே காரவனின் தரம் வேறு, சுவர் மெலிது, குளிர்காலத்தில் சூட்டைப் பிடித்து வைக்காது. பழைய ஹோம் என்றால் தனி சர்வேயரை அழைத்து அடிப்பகுதியில் புகுந்து பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் அழகுக்காகச் செங்கல் கட்டிக் காற்றுத் துளைகளை அடைத்திருப்பார்கள். காற்று ஓடாத அடிப்பகுதியில் ஈரம் தங்கி, தரைப்பலகை ஊறி, இரும்புச் சட்டம் துருவேறும். குளியலறையில் பாத் டப்பின் விளிம்பை ஒட்டிக் குதிகாலை அழுத்தி நில்லுங்கள். பலகை மெத்தென்று உள்வாங்கினால் கீழே அழுகல். காஸ் பைப் லைன் இல்லாத பார்க்கில் 47 கிலோ சிவப்பு சிலிண்டர்தான். ஒன்றில் சுமார் 650 யூனிட் சூடு, கடுங்குளிரில் சீக்கிரம் தீரும். வயதானவர் நகர்த்தக்கூடிய எடையும் இல்லை. யார் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதை வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம் என்ற எண்ணத்துக்கும் எல்லை உண்டு. இறக்கும்போது கூட வாழ்ந்த கணவன், மனைவி, குடும்பத்தினருக்கு ஒப்பந்தம் தொடரும். வேறு வீட்டில் இருக்கும் பிள்ளை அதை விற்கலாம், குடியேற முடியாது. விற்கும் வரை பிச் கட்டணம் நிற்காது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், அழைத்து சண்டை போடுவதற்கு முன் ஆதாரத்தைச் சேருங்கள். "ஓய்வுக்கால வாழ்க்கை" என்று வந்த விளம்பரம், விற்பனையாளரின் மின்னஞ்சல், வாட்ஸ்அப், பார்க்கின் இணையப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் தேதியோடு சேமியுங்கள், அந்தப் பக்கங்கள் மாறிவிடும். விற்பனையாளர் வாயால் சொன்னதை நினைவு இருக்கும்போதே எழுதிவைத்து கணவன் மனைவி இருவரும் கையெழுத்திடுங்கள். பிச் கட்டணத்தை நிறுத்த வேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் வழியாக கவுன்சிலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார் போகும். குடியிருப்பு பார்க் பற்றிய கேள்விகளுக்கு லீஸ் என்ற லீஸ்ஹோல்ட் அட்வைஸரி சர்வீஸ் இலவச ஆலோசனை தருகிறது. தவறான தகவலின் பேரில் போட்ட ஒப்பந்தத்தை ரத்துச் செய்யவோ நஷ்டஈடு கேட்கவோ 1967ஆம் ஆண்டின் மிஸ்ரெப்ரசென்டேஷன் சட்டம் வழி விடுகிறது. ஆனால் நாள் தள்ளத் தள்ள அந்த வழி குறுகும். சேமித்ததை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள்.