நூறு ரூபாய்க்குத் தாய்க் கம்பெனியைக் காட்டும் எம்.சி.ஏ. தளம்

சாயக்கழிவோ ரசாயனக் கசிவோ, கேஸ் போட வக்கீலிடம் போனால் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதுதான் முதல் கேள்வி. ஆலையை நடத்துவது காசில்லாத துணை நிறுவனம், லாபம் போவது அதன் பங்குகளை வைத்திருக்கும் தாய்க் கம்பெனிக்கு என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் (எம்.சி.ஏ.) தளத்தில் பொது ஆவணங்களைப் பார்க்கும் சேவை உதவும். கட்டணம் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய். கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் இதில் எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

முதலில் கம்பெனியின் 21 இலக்க அடையாள எண்ணை (சி.ஐ.என்.) படியுங்கள். கோவை கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில் (ஆர்.ஓ.சி.) பதிவானதற்கு நடுவில் ‘டி.இசட்’ வரும், சென்னைக்கு ‘டி.என்’. அந்த எண்ணில் உள்ள பதிவு ஆண்டுக்கு அடுத்து ‘பி.டி.சி’ இருந்தால் சாதாரண பிரைவேட் லிமிடெட், ‘எஃப்.டி.சி’ இருந்தால் வெளிநாட்டுக் கம்பெனியின் துணை நிறுவனம். இதற்குப் பைசா செலவில்லை. தளத்தில் ஆலையின் பெயரே சிக்கவில்லையா? பார்ட்னர்ஷிப்பாக இருக்கலாம்; திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் அதுவும் உண்டு. அங்கே இந்தத் தலைவலியே இல்லை, கூட்டாளிகள் சொந்தச் சொத்தோடு பொறுப்பு.

பணம் கட்டித் திறந்தால் 3 மணி நேரம்தான், எனவே எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டு உட்காருங்கள். ஆண்டு ரிட்டனான எம்.ஜி.டி-7இல் தாய்க் கம்பெனியின் பெயரும் பங்குச் சதவீதமும் இருக்கும். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏ.ஓ.சி-4 படிவத்தில் ‘தொடர்புடைய தரப்பினர்’ குறிப்பைத் தேடுங்கள்: ராயல்டி, நிர்வாகக் கட்டணம், கடன் என்று பணம் மேலே போன வழி அங்கேதான் தெரியும். பழைய படிவங்களில் இணைப்புகள் பி.டி.எஃப்.புக்குள்ளேயே பதுங்கியிருக்கும். செல்போனில் தெரியாது, கம்ப்யூட்டரில் அடோப் ரீடரில் திறக்க வேண்டும். பங்குதாரர் பட்டியல் காணோம் என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

கோர்ட்டுக்கு வெறும் பிரிண்ட் அவுட் போதாது. பக்கத்துக்கு 25 ரூபாய் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கம்பெனிச் சட்டம் 399ஆம் பிரிவுப்படி அது மூல ஆவணத்துக்குச் சமம்.

பெரிய குறை தளத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. பங்கு வைத்திருப்பதும் கட்டுப்படுத்துவதும் மட்டும் தாய்க் கம்பெனியைப் பொறுப்பாக்காது என்று பல்வந்த் ராய் சலூஜா வழக்கில் 2014இல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. துணை நிறுவனத்தின் வேலையில் மேலே இருப்பவர் நேரடியாகத் தலையிட்டாரா என்பது எம்.ஜி.டி-7இல் வராது. ஜாம்பியா செப்புச் சுரங்கக் கழிவு வழக்கில், சுரங்கத்தை நடத்திய துணை நிறுவனத்தின் தாய்க் கம்பெனியான வேதாந்தா மீது லண்டனில் வழக்கு நடத்தலாம் என்று 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னபோது கைகொடுத்தது, துணை நிறுவனங்களை நாங்கள்தான் மேற்பார்க்கிறோம் என்று அந்தக் கம்பெனியே வெளியிட்டிருந்த அறிக்கை.

அந்த மாதிரிச் சரக்கு இங்கே பங்குச்சந்தைத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். தாய்க் கம்பெனி முதல் 1000 லிஸ்டட் கம்பெனிகளில் ஒன்றென்றால் தொழில் பொறுப்பு பற்றி அது வெளியிடும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையைத் திறந்து, துணை நிறுவனங்களின் பட்டியலில் ‘தாய்க் கம்பெனியின் பொறுப்பு நடவடிக்கைகளில் பங்கேற்கிறதா’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே ‘ஆம்’ என்று இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் வக்கீலிடம் கொடுங்கள்.