மூட்டு மாற்றிய பின் பயிற்சி: வீடியோவிலா, நேரிலா?

முழங்கால் மூட்டு மாற்றியவருக்கு முதல் சில வாரங்களே முக்கியம். கால் முழுதாக நீள வேண்டும், 90 பாகையாவது மடங்க வேண்டும். மடங்கும் அளவை இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) வீடியோ அழைப்பிலும் கணிக்கலாம்; கைபேசியைப் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வைத்தால். எதிரே பிடித்தால் வேட்டிதான் தெரியும்!

நேரில் வரும் சிகிச்சையாளர் தொட்டுப் பார்க்கிறார். வீக்கம் சூடாக இருக்கிறதா, கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கிறதா என்பதெல்லாம் திரைக்கு எட்டாது. பின்னது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆனால் பயிற்சி தினமும் தேவை. தினமும் ஒருவர் வர முடியாதே.

அலைச்சலும் ஆட்டோ செலவும் மிச்சம் என்பதால் வீடியோவுக்கே என் வாக்கு, தொடக்க வாரங்கள் நேரில் கழிந்த பிறகு. பக்கவாதத்தால் தடுமாறுபவருக்கு மட்டும் வேண்டாம். விழுந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.