ஆக்டேவ்: சி.டி.எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு இதுவே தாராளம்

சேலத்து ஈ.சி.இ. பசங்க நிறையப் பேர் ஃபைனல் இயரில் சி.டி.எம்.ஏ.வில் (ஆளுக்கு ஒரு குறியீடு கொடுத்து ஒரே அலைவரிசையில் பலரைப் பேச வைக்கும் முறை) "பல பயனர், குறுக்கீடு தவிர்ப்பு" என்று தலைப்பு எடுத்துக்கொண்டு நேராகப் போவது ப்ராஜெக்ட் சென்டருக்குத்தான். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டரில் வாங்கிய ப்ரோக்ராமை ஒரு தம்பி காட்டினான். எட்டுப் பேர் ஒரே அலைவரிசையில் பேசியும் பிழை வரைபடம் (எத்தனை பிட் தப்பாகப் போகிறது என்று காட்டும் படம்) தனி ஆளுக்கு வருகிற மாதிரியே வழவழவென்று இருந்தது. ஏன் இடைஞ்சலே இல்லை என்று கேட்டேன், முழித்தான். இதற்கா ஆயிரக்கணக்கில் அழுவது? கணக்குப் போடும் மென்பொருளான ஆக்டேவ் இலவசம், அதே மாதிரி காசு கொடுத்து வாங்கும் மேட்லேப்பில் எழுதியது பெரும்பாலும் அப்படியே ஓடும், பழைய லேப்டாப்பே போதும்.

ஹடமார்ட்(8) என்று அடித்தால் எட்டு வால்ஷ் குறியீடுகள் (+1, −1 மட்டுமே உள்ள வரிசைகள், எந்த இரண்டைப் பெருக்கிக் கூட்டினாலும் பூஜ்யம்) வந்துவிடும், ஆளுக்கு ஒரு வரிசை. அவரவர் பிட்டை அவரவர் வரிசையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, இரைச்சல் கலந்து, அந்தப் பக்கம் அதே வரிசையால் பெருக்கிக் கூட்டினால் மற்ற ஏழு பேரும் பூஜ்யம். இதுவரை சென்டர் ப்ரோக்ராமும் செய்கிறது. அப்புறம்தான் விஷயமே. மூன்றாவது வரிசையை, வட்டமாகச் சுழற்றும் சர்க்‌ஷிஃப்ட் போட்டு ஒரே ஒரு சிப் (குறியீட்டில் ஒரு எண்) நகர்த்துங்கள்: அது நான்காவது வரிசையைக் குறி மாற்றி எழுதியதாகவே ஆகிவிடும். அடுத்தடுத்து ஒரே பிட் வந்தால் மூன்றாமவர் பேச்சு முழுசாக நான்காமவர் காதில் விழும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால்தான் இந்த வித்தை செல்லும். அதனால்தான் பழைய ஐ.எஸ்.-95 என்ற சி.டி.எம்.ஏ. செல்போன் முறையில் டவரிலிருந்து போனுக்கு வரும் பக்கம் மட்டும் 64 வால்ஷ் குறியீடுகளால் ஆட்களைப் பிரித்தார்கள், போனிலிருந்து போகும் பக்கம் நேரம் ஒத்துவராது என்று தாறுமாறாகத் தெரிகிற நீளமான பி.என். குறியீட்டுக்குப் போனார்கள்.

அங்கே வேறு தலைவலி. ஏற்காட்டில் ஒரு டவர், 1 கி.மீ.யில் ஏரிக்கரையில் ஒருத்தர், 10 கி.மீ. தள்ளி மலை அடிவாரத்தில் ஒருத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தின் நான்காம் அடுக்கில் சிக்னல் குறைந்தால் வித்தியாசம் 10,000 மடங்கு, அதாவது 40 டெசிபெல், ஏரிக்கரைக்காரர் சிக்னலில் அமுங்கி அடிவாரத்துக்காரர் காலி. இதற்குத்தான் டவர் நொடிக்கு 800 முறை பவரை ஏற்று, இறக்கு என்று போனிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆக்டேவில் ஆளுக்கு ஒரு பெருக்கல் எண் சேர்த்தால் இதுவும் வந்துவிடும், அதில் வரும் வரைபடத்தை ரிப்போர்ட்டில் ஒட்டினால் வைவாவில் வெளியிலிருந்து வருகிறவரே நிமிர்ந்து உட்காருவார்.

குறை இல்லாமலா? ஃபார் லூப் ஆமை வேகம். 10⁻⁵ பிழை விகிதத்தை (லட்சம் பிட்டுக்கு ஒரு பிழை) நம்ப நூறு பிழையாவது எண்ண வேண்டும், அதற்கு ஒரு கோடி பிட் அனுப்ப வேண்டும். லூப்பில் ஒவ்வொன்றாக விட்டால் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மேட்ரிக்ஸாகப் பெருக்குங்கள், ஆனால் கோடியையும் ஒரே மேட்ரிக்ஸில் திணித்தால் ரேம் திணறும், லட்சம் லட்சமாக விடுங்கள். மேட்லேப்காரர்களின் சிமுலிங்க் மாதிரி பெட்டி இழுத்து வைக்கும் வசதியும் கிடையாது.

வைஃபை போல சேனல் காலியா என்று பார்த்து அனுப்புகிற தலைப்பு என்றால் மட்டும் இதில் மல்லுக்கட்ட வேண்டாம், நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் என்.எஸ்.-3 பக்கம் போங்கள், அதுவும் இலவசம், சி++ கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.