தனுஷ்கோடி வறுவலா, காரங்காட்டுச் சாப்பாடா?

ராமநாதபுரம் கரைக்குப் படகு ஏறவும் தீவு பார்க்கவும் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "கடலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்து சாப்பிட எங்கே நல்லா இருக்கும்?" அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அதற்குப் பதில் சின்னது. அலையோரம் மேசை போட்டு மது ஊற்றித் தருவார்கள் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். இது கோவாவும் இல்லை, பாண்டிச்சேரியும் இல்லை. பங்குனி தொடங்கிவிட்டால் சாலையோரப் பனைகளுக்கு அடியில் பதநீர் கிடைக்கும். ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கையும் வழித்துப் போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்து பார் அதுதான்.

முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து தங்கை குடும்பத்தோடு வந்தபோது, ஒரு மதியச் சாப்பாட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளைக்குத் தனுஷ்கோடி. எனக்கு, வடக்கே அலையாத்திக் காட்டோரம் இருக்கும் மீனவ ஊரான காரங்காடு. கடைசியில் காரங்காட்டுக்குத்தான் போனோம். ஏன் என்று சொல்வதற்கு முன் மற்றவற்றை ஓட்டிவிடுகிறேன்.

தீவிலேயே இறங்கிச் சாப்பிடலாமா என்றால், முடியாது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. முயல் தீவு, மனோலி, அப்பா தீவு எதிலும் நினைத்தபடி கால் வைக்க முடியாது, கடை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாம்பன் பக்கத்துக் குந்துகால் கரையிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. போய்ப் பார்த்துவிட்டுப் பசியோடு கரை திரும்ப வேண்டியதுதான். குந்துகாலில் விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறது, 1897இல் அவர் வந்து இறங்கிய கரை. மண்டபத்தைப் பார்த்தால் வயிறு நிறையாது, பாம்பன் பக்கம் வந்துவிடுங்கள்.

பாம்பனில் சின்ன மெஸ்களில் மீன் குழம்புச் சாப்பாடு நன்றாகவே இருக்கும். பாலம்தான் அங்கே காட்சி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழுவதைப் பார்க்கக் கூட்டம் சாலைப் பாலத்தில் நின்றுகொண்டிருக்கும். பாலத்தை நின்று பார்க்க வேண்டும், சோற்றை உள்ளே போய்ச் சாப்பிட வேண்டும். இரண்டும் ஒரே இருக்கையில் நடக்காது. ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றி சைவச் சாப்பாடு, அதைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கீழக்கரை தனி ரகம். தேங்காய்ச் சோறு, இடியாப்பம், வட்டலப்பம் என்று கை மணக்கும் ஊர், ஆனால் அந்தச் சமையலின் உச்சம் வீடுகளுக்குள் இருக்கிறது. யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். கூப்பிடாவிட்டால் தொதல் என்ற இனிப்பை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். மண்டபம், அரியமான் பக்கம் கடலோர விடுதிகளில் மெத்தை நாற்காலி உண்டு, குழந்தைகளுக்கு நூடுல்ஸும் உண்டு. அங்கே நான் காபிக்கு மேல் போனதில்லை, அதனால் சாப்பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மிச்சம் இரண்டு.

தனுஷ்கோடியை மட்டமாகப் பேச எனக்கு வாய் வராது. ராமேஸ்வரத்திலிருந்து போகும் சாலையில் ஒரு கட்டத்துக்கு மேல் இடது கைப் பக்கம் பாக் நீரிணை, வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். 1964 டிசம்பர் புயல் தின்றுவிட்டுப் போன தேவாலயச் சுவரைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கூட்டம் பெருகியது, கொட்டகையும் பெருகியது. பெஞ்சில் உட்கார்ந்தால் முன்னால் தட்டு, பின்னால் கடல். பாறை, சீலா, ஊளி, கணவாய், நண்டு எல்லாவற்றையும் கீறி, சிவக்கச் சிவக்க மசாலா தடவி அடுக்கியிருப்பார்கள். கையைக் காட்டினால் போதும், கல்லில் விழும். மணலில் கையளவு பள்ளம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் ஊர் அது. ஒரு பக்கம் உப்புக் கடல், இன்னொரு பக்கமும் உப்புக் கடல், நடுவில் குடிதண்ணீர். மாசி வாக்கில் போனால் தேங்கிய நீரில் பூநாரைக் கூட்டம் நிற்கும். இத்தனை இருக்கும்போது வேறு எங்கே போவது என்று மாப்பிள்ளை கேட்டதில் தப்பே இல்லை.

என் கணக்கு வேறு. கடலோரம் சாப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்த மீன் வலையிலிருந்து சட்டிக்கு வர எத்தனை நேரம் ஆனது? காட்சி, விலை, நாற்காலி எல்லாம் அதற்குப் பிறகு.

கடல் பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே மீன் புதுசாகிவிடாது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன, மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையிலேயே கட்டிக் கிடக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் சரியாக அந்த நேரம்தான். சாப்பிட வருகிற வாய் இரட்டிப்பாகும்போது வருகிற மீன் பாதியாகும். நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புவது ஐஸ் பெட்டி. தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கிறார்கள், நாட்டுப்படகும் போகிறது. வலை வந்த காலையில் வந்த மீனைச் சாப்பிட்டால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் எல்லா நாளும் வலை நிறையாது. ஒரு கொட்டகையில் அக்கா ஒருவர் நான் கேட்டதும் மறைக்காமல் சொன்னார்: "இன்னைக்கு நம்ம வலையில ஒண்ணுமே விழல தம்பி, இது ராமேஸ்வரத்துல எடுத்த மீன்." கேட்டால் சொல்கிறார்கள். கேட்காதவருக்கு மசாலாதான் தெரியும். மீனின் வயசைச் சொல்வது கண்ணும் செவுளும். கண் குழிந்திருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் மீனைக் கழுவி, கீறி, மிளகாய்த்தூளைப் பூசிவிட்டால் எப்படிப் பார்ப்பது? அதனால் தனுஷ்கோடியில் நான் செய்வது, மசாலா தடவாத முழு மீன் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதைப் பிடித்துப் பார்த்து, கல்லில் போடுவதற்கு முன்பே விலையும் பேசிக்கொள்வது. போட்ட பிறகு பேசுவது பேச்சில்லை.

காரங்காட்டில் இந்தச் சோதனையே வேண்டாம், ஏனென்றால் அங்கே காத்திருப்பது மீன் அல்ல, நாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், உப்பூர் தாண்டித் தொண்டிக்குப் போகும் வழியில் கடல் பக்கம் திரும்பினால் வரும் மீனவ ஊர். கோட்டக்கரையாறு கடலில் விழும் இடம், அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள், துடுப்புப் போட ஆசைப்படுகிறவர்களுக்குக் கயாக் இருக்கிறது. சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமையல். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எல்லாருக்கும் இதுதான் எரிச்சல், எனக்கு இதுதான் பிடித்தது. எத்தனை பேர், நண்டு வேண்டுமா, இறால் வேண்டுமா என்று முதல் நாளே சொல்லிவிட்டால், காலையில் வருகிற நாட்டுப்படகில் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நாம் படகேறிக் கண்டல் வேர்களுக்கு நடுவே போய்த் திரும்புவதற்குள் குழம்பு கொதித்திருக்கும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, தலை எண்ணி உலை வைக்கிற சமையல். மிச்சம் விழாது, அதனால் நேற்றைய மிச்சமும் வராது.

நாங்கள் போன அன்று மடவை மீன் குழம்பு, நண்டு, இறால் தொக்கு. குழம்பில் புளி தூக்கலாக இருந்தது, தங்கைக்கு அது குறை, எனக்கு இல்லை. நண்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு இருந்த நண்டைச் சமைத்தால் சதை ஓட்டிலிருந்து முழுசாகக் கழன்று வரும். செத்து நேரமான நண்டில் சதை மாவாகி ஓட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். மசாலாவால் மறைக்க முடியாத சரக்கு அது. அன்று மாப்பிள்ளை நண்டின் காலை உடைத்து இழுத்தபோது சதை குச்சி குச்சியாக வந்தது. அதற்குப் பிறகு அவர் தனுஷ்கோடி பேச்சை எடுக்கவில்லை.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைகாசியிலிருந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். தனுஷ்கோடியில் மணல் பறந்து சாலையையே மூடும், தட்டை மட்டும் விட்டுவைக்குமா? வடகடலான பாக் நீரிணை அந்த மாதங்களில் அடங்கிக் கிடக்கும், காரங்காட்டுக்குக் காடு வேறு மறைப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் காரங்காட்டுக்குப் போனதில்லை. படகு விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

காரங்காட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விரிந்த கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று போகாதீர்கள். கண்ணுக்கு எட்டுவது கழிமுகமும் பச்சைக் காடும்தான், அலைச் சத்தம் கிடையாது. சேறு வாடை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ராமேஸ்வரத்தில் தங்கியிருக்கிறவர்களுக்கு இது எதிர்த்திசை, பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வந்து வடக்கே திரும்ப வேண்டும், ஒரு நாளையே ஒதுக்க வேண்டியிருக்கும். போகிற வழியில் தேவிபட்டினம் நவபாஷாணக் கோயிலைப் பார்த்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால் வீட்டுப் பெரியவர்களைச் சமாளிக்கலாம்.

கிழமை இன்னொரு சிக்கல். கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கடலுக்குப் போக மாட்டார்கள், பூசைக்குப் போவார்கள். காரங்காடு செங்கோல் மாதா கோயில் உள்ள ஊர். வெளியூர்க்காரர்களுக்கு லீவு கிடைப்பதோ ஞாயிறு. நான் இவ்வளவு நேரம் பேசிய கணக்கே அன்று செல்லாது, நீங்கள் சாப்பிடுவது சனிக்கிழமை மீனாக இருக்கலாம். கெட்டுப்போயிருக்காது, ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று யோசிக்கலாம். என்னைக் கேட்டால் சனிக்கிழமையோ வார நாளோதான்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, ராமேஸ்வரம் விட்டு நகர முடியாது, குழந்தைகளுக்கு அலையில் நனைய வேண்டும் என்றால் யோசிக்காமல் தனுஷ்கோடிக்கே போங்கள். காலையிலேயே போங்கள். கரைவலை இழுக்கிற நேரமாக இருந்தால் கயிற்றுப் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள், எந்தக் கொட்டகைக்கு எந்தக் கூடை போகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். மாலை ஆறு மணி வாக்கில் எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள், ராத்திரிச் சாப்பாட்டுத் திட்டம் அங்கே செல்லாது.

காரங்காடு என்றால் முதல் நாளே போன் போட்டுத் தலைக்கணக்கைச் சொல்லிவிடுங்கள். சொன்ன தலைக்கு மேல் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள், அங்கே கூடுதலாக ஒரு நண்டுகூட இருக்காது.