கேம்ஷாஃப்ட் கிராஃபை நம்பி 38,000 ரூபாய் விட்ட கதை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. "கேம் மாத்தினா வண்டி பறக்கும், கம்ப்யூட்டர்ல போட்டே காட்டறேன்" என்று யாராவது லேப்டாப்பைத் திறந்தால், பர்ஸைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கேம் என்றால் கேம்ஷாஃப்ட், இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்கிற மாதிரியும் தெரியவில்லை.

என்னுடையது அப்பா வாங்கிய மாருதி ஜென். 993 சிசி, கார்புரேட்டர் மாடல், கம்பெனிக் கணக்கில் 50 பிஎச்பி. அதைக் கொஞ்சம் விறுவிறுப்பாக்கலாம் என்று ஆசைப்பட்டது என் தப்புதான்.

கடைக்காரத் தம்பி நன்றாகப் பேசினார். சிமுலேஷன் மென்பொருளில் என் இன்ஜினின் அளவுகளை ஏற்றினார்: போர் (சிலிண்டர் விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 61 மி.மீ. எல்லாம் சரியாகவே போட்டார், அதில்தான் நான் விழுந்தேன். திரையில் இரண்டு கோடுகள். "நீலம் உங்க கேம் சார், சிவப்பு நம்ம கேம்." நீலம் 50-இல் நின்றது. சிவப்பு 71-ஐத் தொட்டது. "வேற எதுவும் மாத்தல சார், கேம் மட்டும்தான்." ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் பிடிஎஃப்பாக அனுப்பினார், முதல் பக்கத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட்டும் செய்து கொடுத்தார். லேமினேட் செய்த காகிதத்துக்கு நம் ஊரில் எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

வண்டி கைக்கு வந்த முதல் நாளே ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) உதறியது. ஏசி போட்டால் கிரீன் சர்க்கிள் சிக்னலில் அணைந்துவிடும், பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். "செட் ஆகும் சார்" என்றார் தம்பி. அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு ஏலகிரி போனோம். முன்பெல்லாம் இரண்டாவது கியரில் ஏறிய கொண்டை ஊசி வளைவுகளில், முதல் கியருக்கு இறங்கி, ஆக்ஸிலேட்டரை மிதித்து, கிளட்ச் வாசனையோடு ஏறினேன். பதினாலு வளைவும் அப்படித்தான். மைலேஜ் 16-இலிருந்து 11-க்கு வந்தது.

சத்துவாச்சாரியில் என் வழக்கமான மெக்கானிக் பெரியவரிடம் போனேன். பேசாமல் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். முன்பு அவரே பில்லில் எழுதி வைத்தது 175 பிஎஸ்ஐ. இப்போது நாலு சிலிண்டரும் 140-ஐத் தாண்டவில்லை. "இன்னாபா இது, இன்லெட் வால்வு எப்ப மூடுதுன்னு கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு (காற்று-பெட்ரோல் கலவையை உள்ளே விடுவது) கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். 6,000 ஆர்பிஎம்மில் காற்று வந்த வேகத்திலேயே உள்ளே திணிந்துகொண்டிருக்கும் என்பதால், தாமதமாக மூடினால் லாபம். 2,000-இல் அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டனே கார்புரேட்டர் பக்கம் திருப்பித் தள்ளிவிடும். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு, இன்ஜின் சுழலும் டிகிரியில்) அதிகமான கேமில் பொதுவாக இந்த மூடல்தான் தள்ளிப்போகிறது. போதாக்குறைக்கு இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லேப்பும் கூடுவதால் ஐடில் உதறும். ரேஸ் டிராக்குக்கு அது சரி. காட்பாடி மேம்பாலத்தில் ஊர்ந்து போகிறவனுக்கு எதற்கு?

சரி, கேம் எனக்குப் பொருந்தவில்லை, விதி என்று விட்டிருப்பேன். அக்கா மகன் மெக்கானிக்கல் படிக்கிறான். என் போனில் இருந்த பிடிஎஃப்பை வாங்கி இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினான். நான் அதுவரை தள்ளியதே இல்லை. "மாமா, ரெண்டு கோடும் ஒரே இன்ஜின் இல்ல."

நீலக் கோட்டுக்குக் கம்ப்ரஷன் விகிதம் (கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 8.8, சிவப்புக்கு 10.5. நீலத்துக்குச் சைலென்சர் உண்டு, சிவப்புக்கு ஓப்பன் ஹெடர் (சைலென்சர் இல்லாத புகைக்குழாய்). சிவப்பில் கார்புரேட்டரின் காற்றளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழகான வேலை கேமிலேயே நடந்திருந்தது. டியூரேஷனை வால்வு சீட்டை (மூடியிருக்கும்போது அது அமரும் இடத்தை) விட்டு எழும் கணத்திலிருந்தும் அளக்கலாம், 1 மி.மீ. எழும்பிய பிறகும் அளக்கலாம். ஒரே கேமுக்கே இரண்டுக்கும் 40 டிகிரி வரை வித்தியாசம் வரும். என் பழைய கேமுக்கு 1 மி.மீ. கணக்கு, அவருடைய கேமுக்குச் சீட்டிலிருந்து கணக்கு. ஒருவனை உட்கார வைத்தும் இன்னொருவனை நிற்க வைத்தும் உயரம் அளந்த மாதிரி.

மென்பொருள்மேல் எனக்குக் கோபமில்லை. ஹெட்டின் (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதியின்) காற்றோட்ட அளவு சரியாகத் தெரியாவிட்டால் 50, 71 என்ற எண்களைப் பெரிதாக நம்ப முடியாது. ஆனால் அந்தப் பிழை இரண்டு கோட்டிலும் ஒரே அளவாக இருந்தால், எந்தக் கேம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது ஓரளவு சரியாகவே வரும். அதற்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மருமகன் மற்றதையெல்லாம் ஒன்றாக்கி, கேமை மட்டும் மாற்றி ஓட்டினான். உச்சியில் 4 பிஎச்பி அதிகம், 3,500-க்குக் கீழே டார்க் (இழுவை) முழுக்கப் பழைய கோட்டுக்கு அடியில். ஏலகிரியில் நான் பட்ட பாடு அப்படியே திரையில் இருந்தது.

கடைக்குப் போனேன். "சாஃப்ட்வேர் சொன்னதுதான் சார் நான் சொன்னேன். நீங்க ஆர்பிஎம் ஏத்தி ஓட்டணும்." பணம் திரும்ப வராது, அடுத்த வேலையில் 5,000 கழித்துக்கொள்ளலாமாம். என் பழைய கேமைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டுவிட்டாராம்! சென்னை புதுப்பேட்டைக்குப் போய், பழைய ஜென் கேம் ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பெரியவர் லோப்களை (வால்வைத் தள்ளும் மேடுகளை) மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்த பிறகே மாட்டினார்.

யாராவது கிராஃப் காட்டினால் இன்புட் பக்கம் முழுவதையும் கேளுங்கள், இரண்டு கோட்டுக்கும் வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். உச்சி எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் தினம் ஓட்டுகிற 1,500-இலிருந்து 3,500 வரை டார்க் என்ன ஆகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றுகிற பழைய கேம் அன்றே உங்கள் கைக்கு வர வேண்டும்.

போன வாரம் அந்தத் தம்பியின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு ஜிப்ஸியின் கிராஃப். அதே நீலம், அதே சிவப்பு. இப்போதெல்லாம் பிடிஎஃப் அனுப்புவதில்லை போலிருக்கிறது. முதல் பக்கம் மட்டும் போட்டோவாக இருந்தது.